விலைப் பக்கம் பழைய விலையையே காட்டுகிறது, ரெஃப்ரெஷ் செய்தாலும் மாறவில்லை

நிலக்கோட்டை_பூமண்டி:

வணக்கம். நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடையில கணக்கு பார்க்கிறேன். கடைக்குன்னு ஒரு சின்ன வெப்சைட் இருக்கு. அதுல ஆளுங்க பார்க்கிறது ஒரே ஒரு பக்கம்தான், 'இன்றைய பூ விலை'. மல்லி, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, அரளி, செவ்வந்தின்னு வரிசையா கிலோ விலை இருக்கும். காலைல 7 மணிக்கு ஒருக்கா, வரத்து எப்படின்னு பார்த்துட்டு 10 மணிக்கு ஒருக்கா விலையை மாத்திவிடுவேன். சைட்டை வேற ஒருத்தர் ஏதோ ஒரு ரெடிமேட் டெம்ப்ளேட்ல செஞ்சு கொடுத்தார். அவர் இப்ப தொடர்புல இல்ல.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லி 1,800 ரூபா போச்சு. முகூர்த்தம் முடிஞ்ச மறுநாளே 700-க்கு இறங்கிருச்சு. அன்னைக்கு ஒரு பெரியவர் கடைக்கு வந்து போனை நீட்டுறார். தலைப்புல அன்னைக்குத் தேதி, கீழ மல்லி 1,800. "இதைப் பார்த்துத்தான் கூட ரெண்டு ஆளு வச்சுப் பறிச்சேன், இப்ப 700-ங்கிறீங்களே"ன்னு கேட்டார். பதில் சொல்ல முடியல. சர்வர்ல ஃபைலைத் திறந்து பார்த்தா 700-தான் இருக்கு.

என் கம்ப்யூட்டர்லயே இது நடக்குது. க்ரோம்ல பக்கத்தைத் திறந்தா பழைய விலை. கண்ட்ரோல் + எஃப்5 அழுத்தினா புது விலை வருது. மூடிட்டுத் திரும்பத் திறந்தா மறுபடி பழசு. இன்காக்னிட்டோல எப்பவும் சரியா காட்டுது. ஹிஸ்டரில போய் 'கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' எல்லாத்தையும் அழிச்சேன், அப்பவும் பழசுதான். சில விவசாயிங்க போன்ல போன வார விலையே நிக்குது. ஒவ்வொருத்தர் போனா வாங்கி அழிச்சுக்கிட்டு இருக்க முடியாது. என்ன செய்யலாம்?

டவுசர்ல_லேப்டாப்:

கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டெலிட் அழுத்தி, 'ஆல் டைம்' தேர்ந்தெடுத்து எல்லா டிக்கையும் போட்டு அழிங்க. சரியாயிரும். இல்லேன்னா ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறிருங்க.

திருச்சி_சர்வர்:

தம்பி, அப்படி அழிச்சா உங்க கம்ப்யூட்டர்ல சரியாகலாம். அந்தப் பெரியவர் போன்ல சரியாகாது. அவருக்கு 1,800-ஐக் காட்டின காரணம் உங்க சர்வர்ல இருக்கு, அங்கதான் அதைச் சரி செய்யணும். அதனால எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி பழைய பக்கம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. அழிச்சுட்டா தடயமும் போயிரும்.

நீங்க எழுதினதுலயே ஒரு நல்ல தடயம் இருக்கு. சாதாரண பிரௌசர் கேஷ் (பிரௌசர் தன்கிட்ட எடுத்து வச்சுக்கிற பிரதி) மட்டும் காரணமா இருந்தா, கண்ட்ரோல் + எஃப்5 அழுத்தும்போது சர்வர்ல இருந்து வந்த புதுப் பிரதி பழசோட இடத்துல போய் உட்கார்ந்திருக்கும். அடுத்த தடவை சும்மா திறந்தாலும் புதுசுதான் வரணும். உங்களுக்குத் திரும்பப் பழசு வருதுன்னா நடுவுல வேற ஏதோ இருந்து பதில் சொல்லுது. எனக்கு சர்வீஸ் வொர்க்கர் மேலதான் சந்தேகம். ரெடிமேட் டெம்ப்ளேட்டுகள்ல 'ஆஃப்லைன்லயும் ஓடும்'னு சொல்லி இதைச் சேர்த்தே கொடுத்திருப்பாங்க. வாங்கினவருக்கு அது உள்ளே இருக்கிறதே தெரியாது.

சர்வீஸ் வொர்க்கர்ங்கிறது உங்க சைட் பார்வையாளரோட பிரௌசர்ல பதிச்சு வைக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். கடை வாசல்ல உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி. யார் விலை கேட்டாலும் உள்ளே போய் முதலாளியைக் கேட்காம, கையில இருக்கிற பழைய சீட்டைப் பார்த்தே சொல்லி அனுப்பிடுவான். கண்ட்ரோல் + எஃப்5 அந்த ஒரு தடவை மட்டும் அவனைத் தாண்டி உள்ளே போகுது. அவனை வேலையை விட்டு நிறுத்தாது. இன்காக்னிட்டோல அவன் இன்னும் வந்து சேரவே இல்ல, அதான் அங்க சரியா தெரியுது.

நீங்க கேஷை அழிச்சும் போகாததுக்குக் காரணமும் இதுதான். சர்வீஸ் வொர்க்கர் சேர்த்து வைக்கிறது 'கேஷ் ஸ்டோரேஜ்'ங்கிற தனி இடத்துல. க்ரோம்ல 'கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' டிக் போட்டா அந்த இடத்தைத் தொடாது. 'குக்கீஸ் அண்ட் அதர் சைட் டேட்டா'வுக்கும் டிக் போட்டாத்தான் அழியும். பேர்ல கேஷ்னு இருக்கிறதாலேயே ரொம்பப் பேர் இதுல ஏமாந்து போறாங்க.

இப்ப இதைச் செஞ்சு சொல்லுங்க. பக்கம் பழைய விலையைக் காட்டும்போதே எஃப்12 அழுத்தி 'நெட்வொர்க்' டேபைத் திறந்து, சாதாரணமா ரெஃப்ரெஷ் பண்ணுங்க. 'டிஸேபிள் கேஷ்' டிக் இருந்தா எடுத்துருங்க. 'சைஸ்' பத்தியில ஒவ்வொரு ஃபைலுக்கும் நேரா என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 'டிஸ்க் கேஷ்', 'மெமரி கேஷ்', 'சர்வீஸ் வொர்க்கர்', இல்லேன்னா எத்தனை கேபின்னு வரும். அப்புறம் 'அப்ளிகேஷன்' டேப்ல இடது பக்கம் 'சர்வீஸ் வொர்க்கர்ஸ்' அழுத்திப் பாருங்க. ரெண்டையும் இங்க எழுதுங்க. விலை ஃபைலோட ரெஸ்பான்ஸ் ஹெட்டரையும், அதாவது ஃபைலோட சேர்த்து சர்வர் அனுப்புற குறிப்பு வரிகளையும், சேர்த்துப் போடுங்க.

நிலக்கோட்டை_பூமண்டி:

அண்ணே, நீங்க சொன்னது சரி. பக்கம், விலை ஃபைல், படம் எல்லாத்துக்கும் நேரா 'சர்வீஸ் வொர்க்கர்'னுதான் இருக்கு. 'அப்ளிகேஷன்' டேப்ல எஸ்டபிள்யூ.ஜேஎஸ்-னு ஒரு ஃபைல், பச்சைப் புள்ளியோட 'ஆக்டிவேட்டட்'னு காட்டுது. கீழ 'கேஷ் ஸ்டோரேஜ்'குள்ள பார்த்தா இன்டெக்ஸ் பக்கமும் விலை.ஜேசன் ஃபைலும் இருக்கு. அதுக்குள்ள மல்லி 1,800!

விலை ஃபைலோட ஹெட்டர்ல 'லாஸ்ட்-மாடிஃபைடு', 'ஈடேக்' ரெண்டும் இருக்கு. கேஷ்-கண்ட்ரோல்னு எதுவும் இல்ல. அப்பாச்சி சர்வர், ஷேர்டு ஹோஸ்டிங்.

தலைப்புல இருக்கிற தேதியையும் கோடுல பார்த்தேன். அது விலை ஃபைல்ல இருந்து வரல, பார்க்கிறவங்க போன் கடிகாரத்துல இருந்து எடுக்குது.

எஸ்டபிள்யூ.ஜேஎஸ்-ஐ சர்வர்ல இருந்து டெலிட் பண்ணிட்டா எல்லார் போன்லயும் போயிரும்ல?

திருச்சி_சர்வர்:

டெலிட் பண்ணாதீங்க! முதல்ல அதைச் சொல்லிடுறேன். பிரௌசர் அந்த ஃபைலைத் தேடி வந்து 404 ('ஃபைல் இல்ல'ங்கிற பதில்) கிடைச்சா, 'புதுசு கிடைக்கல, இருக்கிறதே இருக்கட்டும்'னு பழைய வொர்க்கரையே வச்சுக்கும். பெரியவர் போன்ல அந்த 1,800 பாட்டுக்கு நிக்கும்.

செய்ய வேண்டியது இதுக்கு நேர்மாறு. அதே பேர்ல, அதே இடத்துல, தன்னைத்தானே கழட்டிக்கிற ஒரு புது எஸ்டபிள்யூ.ஜேஎஸ்-ஐ வைக்கணும். வொர்க்கர் ஸ்கிரிப்டை எடுக்கப் போற கோரிக்கை பழைய வொர்க்கர் வழியா போகாது, நேரா வெளியே போகும். அதனால பழசு இதைத் தடுக்க முடியாது. யாராவது பக்கத்தைத் திறக்கும்போது பிரௌசர் பின்னால சர்வருக்குப் போய், ஒரு பைட் மாறியிருந்தாலும் புது வொர்க்கர்னு எடுத்துக்கும். 2018-ல வந்த க்ரோம் 68-ல இருந்து இந்தச் சோதனைக்கு எச்டிடிபி கேஷை, அதாவது அந்தச் சாதாரண பிரௌசர் கேஷை, பார்க்கிறதே இல்ல. மத்ததுலயும் 24 மணி நேரத்துக்கு மேல பழசை வச்சு ஓட்ட முடியாது.

புது ஃபைல்ல ரெண்டு வேலைதான். 'இன்ஸ்டால்' நிகழ்வுல 'ஸ்கிப் வெயிட்டிங்' கூப்பிடணும். இது இல்லேன்னா பழைய வொர்க்கர் பிடியில இருக்கிற எல்லா டேபும் மூடுற வரைக்கும் புதுசு வரிசையில நிக்கும். போன்ல யாரும் டேபை மூடுறதே இல்லையே. அடுத்து 'ஆக்டிவேட்' நிகழ்வுல கேஷ் ஸ்டோரேஜ்ல இருக்கிற எல்லாப் பேரையும் எடுத்து ஒவ்வொண்ணா அழிச்சுட்டு, 'அன்ரெஜிஸ்டர்' கூப்பிட்டு, திறந்திருக்கிற பக்கங்களை அதே முகவரிக்குத் திரும்ப ஓட்டணும். இந்தக் கடைசி வேலையை விட்டுடாதீங்க. அது இல்லேன்னா முதல் தடவை திறக்கிறவருக்குப் பழைய விலையே தெரியும், ரெண்டாவது தடவைதான் புதுசு வரும். காலைல ஒரு தடவை மட்டும் பார்த்துட்டுக் கூடையை எடுக்கிறவருக்கு அந்த ரெண்டாவது தடவை வரவே வராது.

வரிசை முக்கியம். முதல்ல பக்கத்துல சர்வீஸ் வொர்க்கரைப் பதிக்கிற ஸ்கிரிப்ட் வரியை எடுத்துருங்க. அடுத்து நான் கீழ சொல்ற ஹெட்டரைப் போடுங்க. கடைசியாத்தான் புது எஸ்டபிள்யூ.ஜேஎஸ். பதிக்கிற வரி பக்கத்துலயே இருந்துச்சுன்னா, ஒரு பக்கம் கழட்டும், இன்னொரு பக்கம் மாட்டும், பக்கம் திரும்பத் திரும்ப லோடு ஆகிட்டே இருக்கும். அதே மாதிரி எல்லாருக்கும் சரியாயிருச்சுன்னு நினைச்சு புது எஸ்டபிள்யூ.ஜேஎஸ்-ஐ எடுத்துடாதீங்க. சீசனுக்கு மட்டும் திறந்து பார்க்கிறவங்க இருப்பாங்க. அடுத்த வருஷமும் அது அங்கேயே இருக்கட்டும்.

இப்ப ஹெட்டர். வொர்க்கர் போயிட்டாலும் உங்களுக்கு இன்னொரு பழைய விலை காத்துட்டு இருக்கு, அதையும் இப்பவே அடைச்சிரலாம். சர்வர் கேஷ்-கண்ட்ரோல் எதுவும் சொல்லலேன்னா, எவ்வளவு நேரம் வச்சுக்கலாம்னு பிரௌசரே ஒரு கணக்குப் போடும். ஃபைல் கடைசியா மாறி எவ்வளவு நேரம் ஆச்சோ அதுல பத்துல ஒரு பங்கு. எச்டிடிபி கேஷிங் தரத்துலயே, இப்ப நடப்புல இருக்கிற 2022-ம் வருஷத்து ஆர்எஃப்சி 9111 வரைக்கும், இந்த 10 சதவீதம் வழக்கமான அளவுன்னு போட்டிருக்கு.

உங்க நேரத்தை வச்சே பாருங்க. நேத்து காலை 10 மணிக்கு விலை மாத்தினீங்க. ஒரு விவசாயி இன்னைக்குக் காலை 6 மணிக்குப் பக்கத்தைத் திறக்கிறார். ஃபைல் மாறி 20 மணி நேரம் ஆச்சு, பத்துல ஒண்ணு 2 மணி நேரம். அவர் பிரௌசர் 8 மணி வரைக்கும் சர்வரைக் கேட்காமலே அதே விலையைக் காட்டலாம். நீங்க 7 மணிக்குப் போட்டது 7.30-க்குத் திறந்து பார்க்கிற அவருக்குத் தெரியாது. ரெஃப்ரெஷ் பண்ணினா வந்துருமேன்னு நினைக்காதீங்க. சாதாரண ரெஃப்ரெஷ்ல க்ரோம் முதன்மைப் பக்கத்தை மட்டும்தான் சர்வர்ல சரிபார்க்கும். உள்ளே இருக்கிற ஃபைலுக்கு கேஷ் கெடு இருந்தா அதையே எடுத்துக்கும். இந்த மாற்றத்தை 2017 தொடக்கத்துல அறிவிச்சாங்க. உங்க விலை தனி ஜேசன் ஃபைல்ல இருக்கிறதால நேரா இதுல மாட்டுது.

ஹெச்டிஅக்சஸ் ஃபைல்ல (அப்பாச்சி சர்வருக்கு உத்தரவு எழுதுற ஃபைல்) எச்டிஎம்எல்லுக்கும் விலை.ஜேசனுக்கும் எஸ்டபிள்யூ.ஜேஎஸ்-க்கும் 'கேஷ்-கண்ட்ரோல்: நோ-கேஷ்'னு வர்ற மாதிரி 'ஹெட்டர் செட்' வரி போடுங்க. பேரைப் பார்த்து 'சேமிக்கவே கூடாது'ன்னு எடுத்துக்காதீங்க. பிரதியை வச்சுக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்டுட்டுத்தான் காட்டணும். பிரௌசர் கையில இருக்கிற ஈடேகை (ஃபைலோட பதிப்பைக் காட்டுற அடையாளம்) அனுப்பி 'இது மாறிருச்சா'ன்னு கேட்கும். மாறலேன்னா சர்வர் ஃபைலையே அனுப்பாம வெறும் 304 பதிலோட முடிச்சுக்கும். டேட்டா செலவு கொஞ்சம்தான். 'நோ-ஸ்டோர்' போட்டா ஒவ்வொரு தடவையும் முழு ஃபைலும் இறங்கணும். தோட்டத்துல சிக்னல் ஒரு கோடு காட்டுற போனுக்கு அது பாரம்.

படம், சிஎஸ்எஸ்-க்கு நேர்மாறா 31536000 வினாடி, அதாவது ஒரு வருஷம் வரைக்கும் 'மேக்ஸ்-ஏஜ்' தாராளமா கொடுங்க. ஆனா மாத்தும்போது ஃபைல் பேரையும் மாத்தணும்.

தேதி விஷயம், இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. கேஷ் பிரச்சினைகூட ஒரு நாள் விலையைப் பழசாத்தான் காட்டியிருக்கும். போன் கடிகாரத்துத் தேதியைத் தலையில மாட்டினதுதான் அந்தப் பழைய விலையை இன்னைக்கு விலைன்னு அந்தப் பெரியவரை நம்ப வச்சுது. தேதியும் நேரமும் விலை ஃபைலுக்குள்ளேயே இருக்கட்டும், விலையோட சேர்ந்தே வரட்டும். 'விலை போட்ட நேரம்: காலை 7.05' அப்படின்னு பெரிய எழுத்துல போடுங்க. மத்தது எல்லாத்துக்கும் முன்னாடி இன்னைக்கு ராத்திரியே இதைச் செஞ்சிருங்க.

கீரைத்தோட்டம்:

நான் திண்டுக்கல் பக்கம்தான், சம்பங்கி போடுறோம். இந்த மாதிரி விலைப் பக்கத்தைப் பார்க்கிற ஆள்னு வச்சுக்கோங்க, அதனால ஒண்ணு சொல்றேன். சர்வீஸ் வொர்க்கரை மொத்தமா தூக்குறதுல எனக்குச் சம்மதம் இல்ல. எங்க தோட்டத்துல காலைல சிக்னலே கிடையாது. நெட் இல்லாதப்ப வெறும் வெள்ளைத் திரைக்கு நேத்து விலையாவது தெரிஞ்சா ஒரு அந்தாசு கிடைக்கும். முதல்ல நெட்ல கேட்கட்டும், கிடைக்கலேன்னா மட்டும் பழசைக் காட்டட்டும். அப்படி வைக்க முடியாதா?

இன்னொண்ணு, விலை ஃபைல் முகவரி பின்னால கேள்விக்குறி போட்டு அந்த நேரத்து எண்ணைச் சேர்த்தா எப்பவும் புதுசு வருமே?

திருச்சி_சர்வர்:

வைக்கலாம்மா. நீங்க சொல்ற காரணம் நியாயமானது, இதை நானே யோசிச்சிருக்கணும். 'முதல்ல நெட், அப்புறம் கேஷ்'னு எழுதுற முறை இருக்கு. ஆனா ரெண்டு நிபந்தனை இருந்தா மட்டும். கேஷ்ல இருந்து வந்தா அந்த விலைக்கு மேலேயே 'நெட் இல்லை, இது நேற்று காலை 10 மணி விலை'ன்னு சிவப்புல வரணும். அப்புறம் அந்த கோடைப் புரிஞ்சு பராமரிக்க ஒரு ஆள் கடைக்குப் பக்கத்துல இருக்கணும். இப்ப இந்தத் தம்பிக்கு அப்படி ஆள் இல்ல. அதனால முதல்ல கழட்டிட்டு, பக்கம் ஒழுங்கா ஓடுதுன்னு உறுதியானப்புறம் இதைச் சேர்க்கிறதுதான் நல்லது.

நேரத்து எண் சேர்க்கிறதும் வேலை செய்யும். ஆனா ஒவ்வொரு தடவையும் அது பிரௌசருக்குப் புது முகவரி. 304-க்கே வழி இல்லாம முழு ஃபைலும் இறங்கும், பழைய பிரதிகளும் சேர்ந்துகிட்டே போகும். உங்க சிக்னல் நிலைமைக்கு நோ-கேஷ்தான் ஏத்தது.

டவுசர்ல_லேப்டாப்:

ஹெட்டர் எதுக்கு? எச்டிஎம்எல் ஹெட்ல மெட்டா டேக்ல கேஷ்-கண்ட்ரோல் நோ-கேஷ் எழுதினா போதுமே. அப்படித்தான் பல இடத்துல பார்த்திருக்கேன்.

திருச்சி_சர்வர்:

பல இடத்துல எழுதித்தான் இருக்கு. ஆனா அதை நம்பி இறங்காதீங்க. எச்டிஎம்எல் தரத்துல அந்த மெட்டாவுக்கு அப்படி ஒரு பொருளே கிடையாது. மேலும், ஜேசன் ஃபைல்ல மெட்டா டேகை எங்க போய் எழுதுறது? கேஷ் பத்தின உத்தரவு ரெஸ்பான்ஸ் ஹெட்டர்ல வரணும்.

நிலக்கோட்டை_பூமண்டி:

அண்ணே, செஞ்சுட்டேன். நீங்க சொன்ன வரிசையிலேயே. முதல்ல தேதியை விலை ஃபைலுக்குள்ள கொண்டுவந்தேன், பதிக்கிற வரியை எடுத்தேன், ஹெட்டர் போட்டேன், கடைசியா புது எஸ்டபிள்யூ.ஜேஎஸ். என் கம்ப்யூட்டர்ல பக்கத்தைத் திறந்ததும் பழைய விலை ஒரு நொடி தெரிஞ்சு, தானாவே லோடு ஆகி புது விலை வந்துச்சு. 'அப்ளிகேஷன்' டேப்ல சர்வீஸ் வொர்க்கர் இடம் காலி. நெட்வொர்க்ல விலை ஃபைலுக்கு நேரா இப்ப 304 வருது.

பெரியவர் இன்னைக்கு வந்திருந்தார். அவர் போனை நான் தொடவே இல்ல. அவரே பக்கத்தைத் திறந்தார், 7 மணி விலை சரியா வந்துச்சு. 'விலை போட்ட நேரம்'ங்கிறதை வாசிச்சுட்டு "இது முன்னாடியே இருந்திருக்கணும்"னார்.

ஒண்ணு மட்டும் இன்னும் இருக்கு. அதே சைட்ல 'போன மாத விலை' பக்கத்துக்குப் போயிட்டு 'பேக்' அழுத்தினா, 10 மணிக்கு மேலயும் 7 மணி விலையே நிக்குது. நேரம் 7.05-னு சரியாத்தான் போட்டிருக்கு, அதனால யாரும் ஏமாற மாட்டாங்க. ஆனாலும் ஏன் இப்படி? நெட்வொர்க் டேப்ல விலை ஃபைலுக்குக் கோரிக்கையே போகலை.

திருச்சி_சர்வர்:

நல்லா கவனிச்சிருக்கீங்க. அது 'பேக்-ஃபார்வர்டு கேஷ்'. நீங்க வேற பக்கம் போனதும் பழைய பக்கத்தை அப்படியே உறைய வச்சு மெமரில வச்சிருக்கும். ஸ்கிரிப்ட் எந்த நிலையில இருந்துச்சோ அதோட சேர்த்து. 'பேக்' அழுத்தினா அதையே உயிர்ப்பிக்கும், பக்கம் திரும்ப லோடு ஆகாது, அதான் கோரிக்கையும் போகல. நோ-கேஷ் ஹெட்டர் இதைத் தடுக்காது. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரியில ரொம்ப காலமா இருக்கு. கம்ப்யூட்டர் க்ரோம்ல 2021-ல வந்த 96-ம் பதிப்புல சேர்ந்துச்சு.

விலையை எடுத்து அட்டவணையில போடுற வேலை உங்க ஸ்கிரிப்ட்ல ஒரு ஃபங்ஷனா இருக்கும். 'பேஜ்ஷோ'ன்னு ஒரு நிகழ்வு இருக்கு. அதுல 'பெர்சிஸ்டட்' மதிப்பு ட்ரூன்னு வந்தா, பக்கம் உறைஞ்ச நிலையில இருந்து திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம். அப்ப அந்த ஃபங்ஷனைத் திரும்பக் கூப்பிடுங்க. 'விசிபிலிட்டி சேஞ்ச்' நிகழ்வுலயும் பக்கம் கண்ணுக்குத் தெரிய வரும்போது அதையே கூப்பிடுங்க. காலைல 6 மணிக்குத் திறந்த டேபை மூடாம போனைச் சட்டைப்பையில போட்டுட்டு, 11 மணிக்கு எடுத்துப் பார்க்கிறவருக்கு அது உதவும்.